தம் கட்டிய பிள்ளை

லூர்துநாதன் செய்த தப்பை அன்பினால்தான் செய்தான். அதற்காக அது தப்பில்லை என்று ஆகிவிடுமா?

அவனுக்குக் கடலடியில் முங்கிச் சிப்பி எடுக்கிற தொழில். தூத்துக்குடியிலிருந்து அந்தமானுக்கு வந்து, ஹேடோவில் குடிசை போட்டு ஆறு வருஷமாகிறது. முங்குகிறவனுக்குக் கடிகாரம் ஏது? மரியே வாழ்க ஜெபம்தான் கணக்கு. மனசுக்குள் பத்து சொல்வதற்குள் மேலே வந்துவிட வேண்டும். அவன் அண்ணன் அந்தோணிமுத்துவுக்கு ஒருமுறை முங்கியபோது பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டது. இழுத்துப்போடுவதற்குள் இருபதைத் தாண்டிவிட்டது. மூச்சு திரும்பியது, ஆள் திரும்பவில்லை. இப்போதும் வாசலில் உட்கார்ந்து அலையைப் பார்த்தாலும் சிரிக்கிறான், கிள்ளினாலும் சிரிக்கிறான்.

அந்த வீட்டில்தான் லூர்துநாதன் மனைவி அமுதத்துக்கு விடியும்போது வலி கண்டது. தலைச்சன் பிள்ளை. இவன் பாயோரம் உட்கார்ந்து தன் தொழில் வித்தையைச் சொல்லிக் கொடுத்தான். வலி வரும்போதெல்லாம் தம் கட்டு, மூச்சை வீணாக விடாதே, உள்ளே இருக்கிற பிள்ளைக்குச் சேர்த்து வை என்றான். அவளும் புருஷன் சொல்லைத் தட்டாமல், முகம் கறுக்கக் கறுக்க மத்தியானம்வரை அடக்கினாள். பெரிய கெட்டிக்காரன், போங்கள்!

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த நர்ஸ் ஜெயலட்சுமி மரக்குழலை அமுதத்தின் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். பிள்ளையின் இதயம் மெதுவாக அடிக்கிறது என்றாள். லூர்துநாதனுக்குப் பெருமை தாங்கவில்லை. முங்கும்போது தன் நெஞ்சும் இப்படித்தான் மெதுவாகும், பிள்ளை வயிற்றிலேயே தொழிலைக் கற்றுக்கொண்டது என்று சொல்லி, காலையிலிருந்து தம் கட்ட வைத்த கதையையும் சொன்னான்.

"அறிவிருக்காய்யா உனக்கு? அவ இழுக்கிற மூச்சுதான்யா அதுக்கும் மூச்சு" என்றாள் ஜெயலட்சுமி.

அமுதத்தை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் திறந்து தாராளமாக மூச்சுவிடச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லை, தலை இறங்கிவிட்டது. வாசலுக்கு விரட்டப்பட்ட லூர்துநாதன் தட்டிக்கு வெளியே நின்று, பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கெஞ்சினான்.

"மூச்சு கொறஞ்சா கை, கால், கொடலுக்குப் போற ரத்தத்தைக் கொறச்சு மூளைக்கு அனுப்பும். தலையையாவது காப்பாத்திக்கப் பாக்கும். ஆனா எவ்வளவு நேரந்தான் அதால தாங்க முடியும்?"

அவனுக்கா அது தெரியாது? தண்ணீருக்குள் முதலில் மரத்துப்போவது விரல்கள். தலை கடைசியில்தான். பக்கத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். பிள்ளை செத்துவிடுமோ என்பதைவிட, அண்ணனைப் போலத் திரும்பி வருமோ என்கிற பயம்தான் அவனைத் தின்றது.

பிள்ளை வெளியே வந்தது. அழுகைச் சத்தம் இல்லை. அவன் வாய் தானாக ஜெபத்தை எண்ண ஆரம்பித்தது. உள்ளே ஜெயலட்சுமி பிள்ளையைத் தட்டினாள், தேய்த்தாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள். பத்து தாண்டியது. பதினான்காவதில் பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஆண் பிள்ளை. அமுதம் சந்தோஷத்தில் அழுதாள். அவனோ பதினான்கு, பதினான்கு என்றபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மூளைக்குப் பழுதில்லையே என்று கேட்டதற்கு, இப்போது யாராலும் சொல்ல முடியாது, வளர வளரத்தான் தெரியும் என்றுவிட்டாள் ஜெயலட்சுமி. இதை அவன் அமுதத்திடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வான்?

பிள்ளை பசித்தால்கூடச் சிணுங்குவதோடு சரி. தங்கமான பிள்ளை என்று அக்கம்பக்கத்தார் மெச்சும்போதெல்லாம் அவன் வாசலில் இருந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் மாதம் பிள்ளை முதல்முறை சிரித்தது. அமுதம் ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டினாள். வாசலில் அண்ணனும் சிரித்துக்கொண்டிருந்தான். லூர்துநாதனுக்கு இரண்டும் ஒரே சிரிப்பாகத் தெரிந்தது.

அவள் அடுப்படிக்குப் போன நேரம், பிள்ளையின் தொடையில் அழுத்திக் கிள்ளினான். பிள்ளை அவனையே பார்த்தது.

"அழுதிரு ராசா. அப்பன்மேல கோவப்பட்டு ஒரே ஒரு தடவ அழுதிரு."

மூன்றாவது ஜெபத்தில் பிள்ளையின் உதடு பிதுங்கியது. முகம் சிவந்து, வீடு அதிர வீறிட்டது. ஓடிவந்த அமுதம் தொடையில் கன்றியிருந்ததைப் பார்த்து, கையிலிருந்த அகப்பையாலேயே அவன் முதுகில் போட்டாள். நீயெல்லாம் மனுசனா என்று கத்தினாள்.

"இன்னும் அடி புள்ள" என்று அழுதான் லூர்துநாதன்.

பிள்ளை நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. வாசலில் அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.