பச்சைப் பெயின்ட்

1958-இல், பெங்களூர் அல்சூர் ஏரிப் படகு கிளப்பின் விசைப்படகு மோட்டார் ஒரு வாரமாக டிரைவர் மதலைமுத்துவின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. வேகமாகப் போகும்வரை சமர்த்து. துறைக்கு வந்து வேகத்தைக் குறைத்தால் போதும், இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். பிறகு துடுப்புதான் கதி.

அன்று செக்ரட்டரி ஓஸ்வால்ட் துறையிலேயே நின்றிருந்தார். பெட்ரோல் டேங்கின் அளவு காட்டும் முள்ளைக் குனிந்து பார்த்தார்.

"இப்பத்தான ரொப்புன? அதுக்குள்ள பாதியா? பெட்ரோல் எங்கப்பா போவுது?"

"தெரியல சார்."

"நாளைக்குள்ள தெரியணும். இல்லன்னா வேற டிரைவர் பாத்துக்கறேன்."

திருடன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது வருஷ வேலைக்கு இந்தப் பட்டமா என்று மதலைமுத்து பொருமினான். ஆனால் முள்ளை அவனும்தான் நம்பினான். எங்கோ ஒழுகுகிறது என்று குழாயை விரலால் தடவிப் பார்த்தான். ஈரமே இல்லை. கடைசியில் டேங்கைத் திறந்தான்.

கழுத்துவரை பெட்ரோல்!

முள்ளைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய கார்க் மிதவை, பெட்ரோலை ஊறக் குடித்துவிட்டுப் பாதியில் அமிழ்ந்து கிடந்தது. அதன்மேல், பெட்ரோலில் ஊறி உரிந்ததுபோக, திட்டுத் திட்டாகப் பச்சை. அந்தப் பச்சை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கிறிஸ்துமஸ் வந்தால் அவன் குடியிருந்த மர்பி டவுனில் பெயின்ட் படாமல் எதுவும் தப்பாது. வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சியதைப் படகுக்கு அடித்தான். அதிலும் மிஞ்சியதை, பெட்ரோல் ஊறாமலிருக்கப் பூசிய மேல்பூச்சு உரிந்து கிடந்த இந்தக் கார்க்குக்கும் ஒரு பூச்சு பூசினான். பண்டிகையல்லவா!

உரிந்த பெயின்ட் எங்கே போனது என்று கார்புரேட்டரைக் கழற்றினான். மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வர வேண்டிய ஊசித் துளையில் அதே பச்சைத் தூள் அடைத்திருந்தது. ஊதி மாட்டியதும் மோட்டார் பூனைபோல முனகியது.

வேறு கார்க் போட்டு வாயை மூடிக்கொண்டால் திருடன். உண்மையைச் சொன்னால் முட்டாள். கார்க்கை எடுத்துப்போய் ஓஸ்வால்டின் மேஜைமேல் வைத்தான்.

"பெட்ரோல் எங்கயும் போவல சார். முள்ளுதான் பொய் சொல்லிச்சு. சொல்ல வச்சது நான்."

ஓஸ்வால்ட் முழுக் கதையையும் கேட்டார். எழுந்து வந்து டேங்குக்குள் எட்டிப் பார்த்தார். படகில் ஏறி உட்கார்ந்தார்.

"ஒரு ரவுண்ட் போலாமா?"

நடு ஏரியில் மதலைமுத்து வேகத்தைக் குறைத்தான். மோட்டார் நிற்கவில்லை.

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மதலை" என்றார் ஓஸ்வால்ட், தண்ணீரைப் பார்த்தபடி, வாய்க்குள்ளேயே.

மோட்டார் அவ்வளவு மெதுவாக ஓடியதால், அது அவன் காதில் விழுந்தது.