கூப்பிடு தூரம்

விலை படியாவிட்டால் வாங்க வந்தவன் எழுந்து நடப்பான். நாலு எட்டு வைப்பதற்குள் கடைக்காரன் கூப்பிட்டுவிடுவான். இராஜபாளையத்தில் மிளகாய் வத்தல் வியாபாரி சேக் முகைதீனும் பருத்தி வியாபாரி காசிராஜனும் இந்த வித்தையில்தான் பிழைத்தார்கள். அடுத்தடுத்த வீடு. மூத்தவர் காசிராஜன் 'மாமா', முகைதீன் 'மாப்ளே'. எந்த வழியில் இந்த முறை வந்தது என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது.

எண்பத்தேழில் காசிராஜன் மாடி எடுத்தார். மழைத்தண்ணீர்க் குழாய் முகைதீன் முற்றத்தைப் பார்த்து வாய் திறந்து நின்றது. ஒரு கோடை மழையில் அங்கே காயப்போட்டிருந்த வத்தல் முழுவதும் ஊறிப்போயிற்று.

"குழாயத் தெருப்பக்கம் திருப்பும் மாமா."

"மானத்துல இருந்து விழுறதுக்கு நானா பொறுப்பு? தோதுப்படலேன்னா வேற இடம் பாத்துக்கிடும்."

அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவைக்க முகைதீனுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். எழுந்து நடந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடையும் வீடும் பார்ப்பதாக, காசிராஜன் காதில் விழும்படி தரகரிடம் சொன்னார். காசிராஜன் கூப்பிடவில்லை. முகைதீன் முன்பணமும் கொடுத்தார். அப்போதும் கூப்பிடவில்லை.

"இருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போகும்?" என்றாள் காசிராஜன் மனைவி நாச்சியார்.

"அவன் எங்கட்டி போவான்? கடைவாசலத் தாண்டித் திரும்பிப் பாக்குற ஆளு. இப்பக் கூப்பிட்டா வெல ஏறிரும்."

லாரி வந்தது. முகைதீன் மனைவி நசீமா, நாச்சியார் கையை விடாமல் அழுதாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்ட முகைதீன், தெருமுனையில் லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். இறுக்கமாகவே இருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

மாடியில் நின்ற காசிராஜன் சிரித்தார். "பாத்தியா, நின்னுட்டான்."

ஒரு முடிச்சை எவ்வளவு நேரந்தான் போடுவது? லாரி முனை திரும்பி மறைந்தது.

காசிராஜன் மறுநாளே குழாயைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டார். வந்து பார்ப்பான் என்று இருந்தார். பக்கத்து வீட்டுப் பூட்டு துருவேறிய பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார்.

கடையில் முகைதீன் எழுந்து நின்றார்.

"வாங்க மொதலாளி. உக்காருங்க. என்ன வேணும்?"

காசிராஜன் உட்காரவில்லை. மாமா என்று கூப்பிட்டிருந்தால் உட்கார்ந்திருப்பார். குழாயைத் திருப்பிய சங்கதி தொண்டைவரை வந்தது.

"வத்தல் ஒரு கிலோ," என்றார்.

முகைதீன் விலை சொன்னார். வேண்டுமென்றே ஏற்றித்தான் சொன்னார். மனுசன் பாதிக்குக் கேட்பார், பேச்சு வளரும், பழைய வசவு ஒன்றாவது வந்து விழும் என்று தராசைப் பிடித்தபடி காத்திருந்தார்.

காசிராஜன் சொன்ன விலையைக் கொடுத்தார்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார், மிக மெதுவாக.