கீழ் வரிசை மெழுகுதிரி

என் மகன் றொனியிடம் சம்மதம் கேட்கத்தான் அன்று சேமக்காலைக்கு, அவன் கல்லறைக்குப் போனோம். செத்தவனிடம் என்ன சம்மதம் என்று கேட்பீர்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கம். புருஷனை இழந்தவள் மறுபடி கட்டுவதென்றால், ஆத்துமாக்கள் திருநாளன்று அவன் கல்லறையில் ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும். அடி வரைக்கும் எரிந்தால் அவனுக்குச் சம்மதம். நடுவில் அணைந்தால் இல்லை. பாதர் இதைப் பூசையிலேயே திட்டுவார். திட்டிவிட்டு, யாருடைய திரி எரிகிறது என்று அவரே ஓரக்கண்ணால் பார்ப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்பு, மழையில் மண் சரிந்து றொனியை மூடிவிட்டது. மூச்சுமுட்டிச் செத்த பிள்ளை. தோண்டி எடுத்தபோது வாயெல்லாம் மண். அதை விடுங்கள். மருமகள் ஜெசீகா சின்ன வயசுக்காரி. பதுளை பஸ் ஓட்டுகிற ஜெயகுமார் அவளைக் கேட்டு வந்தான். நல்ல பையன். கட்டிக்கொள் என்று அவளை நச்சரித்ததே நான்தான்.

"அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன் மாமி," என்றாள்.

எங்கள் சேமக்காலை மலைச் சரிவில் படிப்படியாக இறங்கும். எல்லாவற்றுக்கும் கீழே, பள்ளத்தில் றொனி. மேலே வேலிக்கு அந்தப் பக்கம், அந்த வருடம் புதிதாக ஓர் இரும்புக் குழாயை மலைக்குள் இறக்கியிருந்தார்கள். இந்தியாவில் ஏதோ பேக்டரிப் புகையிலிருந்து பிடித்த கரியமில வாயு, கப்பலில் வந்து, லொறி ஏறி, எங்கள் பாறைக்குள் போகிறதாம். அங்கேயே கிடக்குமாம். பக்கத்து நாடுகள் சேர்ந்து செய்கிற சோதனை.

"பொகை இந்தியாக்காரனுது, மெசினு பங்களாதேசுக்காரனுது, மலை மட்டும் நம்மளுது," என்பாள் ஜெயலெட்சுமி. லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருப்பவள். "ஊரு பேயெல்லாம் கொண்டாந்து இங்க பொதைக்கிறானுங்க."

"நம்ம பேய்க்கே இங்க எடம் பத்தல," என்பேன் நான்.

அன்று சாயங்காலம் காற்றே இல்லை. மேல் வரிசைகளில் திரிகள் ஆடாமல் எரிந்தன. நானும் ஜெசீகாவும் ஜெயலெட்சுமியும் கீழே இறங்கினோம். கல்லறை மண் உள்வாங்கிக் குழியாகிக் கிடந்தது. ஜெசீகா அதற்குள் திரியை நட்டு ஏற்றினாள். அணைந்தது. ஊதி அணைத்தது போல இல்லை, விரலால் நசுக்கியது போல. மறுபடி குச்சியைக் கிழித்துக் கையை இறக்கினாள். பாதி வழியில் குச்சியே செத்தது.

"நனஞ்ச திரி, புள்ள. இந்தா, என்னுத எடு," என்றேன். அதுவும் நிற்கவில்லை.

"அவனுக்குப் புடிக்கலடி," என்றாள் ஜெயலெட்சுமி. "ஜெயகுமாரு மீசையப் பாத்தா எனக்கே புடிக்கல."

ஜெசீகா முழங்காலிட்டாள். முகத்தைக் குழிக்குள் இறக்கி, "கோவமா? சொல்லுங்க, கோவமா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அப்படியே சரிந்தாள்.

பாய்ந்து குனிந்தேன். மூக்குக்குள் சுருக்கென்றது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல அடைத்தது. மண்ணுக்குள் அவனுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்! அவளைத் தன்னோடு இழுக்கிறான் என்றே நினைத்தேன்.

"விடுடா றொனி! அவள விடுடா!"

கத்திக்கொண்டே அவள் தோளைப் பற்றி இழுத்தேன். ஜெயலெட்சுமி என்னை இழுத்தாள். மூவரும் மேல் படியில் போய் விழுந்தோம். ஜெசீகா இருமினாள். அந்த இருமலைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது.

சத்தம் கேட்டுக் கீர்த்திகன் ஓடி வந்தான். குழாய் வேலையில் இருக்கும் யாழ்ப்பாணத்து இன்ஜினியர். கையிலிருந்த கருவியைக் குழிப் பக்கம் நீட்டினான். அது கீச்சிட்டு அலறியது.

"ஒருத்தரும் கீழ நிக்காதேங்கோ! மேல வாங்கோ!" அவன் முகம் வெளுத்துவிட்டது. "பாறை வெடிப்பாலை வாயு கசியுது. இது காத்தை விடப் பாரம் அம்மா. தண்ணி மாதிரி பள்ளத்துக்கை இறங்கித் தேங்கும். அதுக்கை நெருப்பும் நிக்காது, ஆளும் நிக்கேலாது."

"அப்ப திரி அணஞ்சது?"

"உந்த வாயுவாலைதான்."

"எல்லாமேவா தம்பி? அவ விழுந்ததும், என் நெஞ்ச அடச்சதும்?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "எல்லாம் உதுதான் அம்மா."

அன்றே குழாயை அடைத்தார்கள். பிறகு அதிகாரிகள் வந்து அவரவர் பாஷையில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். என் பிள்ளைக்குக் கோபமில்லை என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவர்கள் போன பிறகும் ஜெசீகா அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கோவமா இருந்தாலும் பரவால்லன்னு நெனச்சேன் மாமி. இருக்காருன்னு ஆச்சுல்ல. இத்தன நாள்ல அன்னிக்குத்தான் பக்கத்துல இருந்த மாதிரி இருந்திச்சு. அதுவும் எவன் ஊரு பொகையோ."

அடுத்த வருடம் ஏற்றிப் பார்க்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஜெயகுமார வரச் சொல்லுங்க," என்றாள். "கேக்குறதுக்கு அங்க யாரும் இல்ல."

நான் ஆசைப்பட்ட பதில்தான். போனை எடுத்து நம்பரை அழுத்தினேன். மணி போய்க்கொண்டிருக்கும்போது, எனக்குப் பின்னாலிருந்து யாராவது வேண்டாமென்று சொல்வார்களா என்று காது கொடுத்துக் கேட்டேன்.

"ஹலோ, சொல்லுங்கம்மா," என்றான் ஜெயகுமார்.