பன்னிரண்டு ஆள், நான்கு நாள்

எட்டாவது பாஸ் செய்தவள் நான். கம்பெனிக்காரன் எட்டாவது பாஸ் கேட்டதோ என் வீட்டுக்காரர் கன்னியப்பனிடம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏழு வருஷமாகப் பள்ளம் தோண்டியும் மூட்டை தூக்கியும் டெம்பரவரியாகவே கிடந்தார் மனுஷன். எழுபத்தொன்றில் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். சர்டிபிகேட் கொண்டுவந்தால் மேஸ்திரி வேலை, பர்மனெண்ட். இரண்டு வருஷத்துக்குள் கொண்டுவராவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

தனியாகப் பரீட்சை எழுதினார். எழுதிவிட்டுக் கொரட்டூர் வீட்டுக்குத் திரும்பியவரிடம் என்ன எழுதினீர் என்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

தமிழில், மகாபலிபுரம் சுற்றுலா பற்றி நண்பனுக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். இவர் அயனம்பாக்கம் துலுக்கானத்துக்கு எழுதியிருக்கிறார்: ‘நான் மகாபலிபுரம் போனதில்லை. நீ எடுத்துப் போன கடப்பாரையைக் கொண்டுவந்து கொடு.’ சமூகப் பாடத்தில் பஞ்சாயத்தின் கடமைகள் என்ன என்று கேள்வி. ‘தெருவிளக்குப் போடுவது. எங்கள் தெருவுக்கு இன்னும் போடவில்லை. ஐயா பார்த்துச் செய்யவும்.’

கணக்கில் எட்டு ஆள் ஒரு பள்ளத்தை ஆறு நாளில் தோண்டினால், பன்னிரண்டு ஆளுக்கு எத்தனை நாள் என்று கேட்டிருந்தார்கள். அதே ஆறு நாள் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறார்.

“இன்னாய்யா இது?” என்றேன்.

“பள்ளம் எம்மாம் அகலம்னு சொன்னானா? எட்டு ஆளு எறங்கினாலே கடப்பாரை ஓங்க எடம் கீதா? மீதி நாலு பேரு மேல குந்திகினு பீடிதான் புடிப்பான்.”

ஒரு பாடத்தில்கூடத் தேறவில்லை. மறுவருஷம் நானே வாத்தியாரானேன். குழம்பு கொதிக்கும், நான் கரண்டியும் கையுமாகக் கேள்வி கேட்பேன்.

“நீ பள்ளம் தோண்டப் போவல, பரீட்சை எழுதப் போறே. ஆளு ஏறினா நாளு எறங்கும். அவ்ளோதான்.”

“பொய்யாச்சே, சொர்ணம்.”

“பொய்யோ மெய்யோ, மார்க் அதுலதான் கீது.”

மகாபலிபுரத்தைக் கண்ணால் பார்க்காமலே கடலலையில் கால் நனைத்ததாக எழுதினார். பாஸ் என்று தெரிந்த அன்று நான் அழுதேவிட்டேன். மேஸ்திரி ஆனார்.

இரண்டாம் மாதம் மெஷின் இறக்க ஒரு பள்ளம் தோண்ட வேண்டி வந்தது. “எட்டு ஆளு ஆறு நாள் வேலைன்னு சொல்றாங்க. எனக்கு நாலு நாள்ல முடியணும். எத்தனை ஆள் போடலாம்?” என்று மேனேஜர் கேட்டார். புது மேஸ்திரி சற்று யோசித்துவிட்டுப் பன்னிரண்டு என்றார். கூடுதலாக வந்த நான்கு பேரில் என் தம்பி வேம்புலியும் ஒருவன்.

வேலை ஆறாம் நாள்தான் முடிந்தது. கணக்குச் சரி, ஆட்கள்தான் சோம்பேறிகள் என்று மேனேஜர் தீர்ப்புச் சொன்னார். மேலே உட்கார்ந்திருந்த நான்கு பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

அன்று சாயங்காலம் வேம்புலி வீட்டுக்கு வந்தான். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மாமே, உள்ள எறங்க எடம் இல்லன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் மச்சான்,” என்றார் இவர், தட்டைப் பார்த்தபடியே. “அதை எழுதித்தான் மொத தபா பெயிலானேன்.”

வேம்புலி என் பக்கம் திரும்பினான். நான் கரண்டியை எடுத்துக்கொண்டு அவனுக்குச் சோறு போட எழுந்தேன்.