என் கால் மிதிக்காத பிரேக்

புகையை முதலில் பார்த்தது நான்தான். படகை ஏற்றிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு தண்ணீருக்கு இறங்கும் சரிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, பக்கக் கண்ணாடியில் சக்கரத்தையொட்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு எழுந்தது. புழுதி என்று நினைத்துக்கொண்டேன். சரிவில் ரிவர்ஸ் எடுத்து, ட்ரெய்லரின் சக்கரங்கள் தண்ணீரைத் தொட்டதும் உஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

அங்கே வண்டிகளை வரிசைப்படுத்தி இறக்கிவிடுபவரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “என்னம்மா, படகு இறக்க வந்தீங்களா, வெந்நீர் போட வந்தீங்களா?” என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

என் கணவருக்குப் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை இருக்கிறது. வீட்டை ஒட்டியே. எஞ்சினைத் திறந்து மூடுவது அவர் வேலை. படகைக் கொண்டுவருவதும் கொண்டுபோய் இறக்குவதும் என் வேலை. இந்த ஏற்பாடு அன்பினால் வந்ததல்ல. அவருக்கு ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்க வராது. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் அந்தப் பக்கம் போகும் என்பது அவருடைய மூளைக்கு ஏறினாலும் கைக்கு ஏறவில்லை. ஒருமுறை சரிவில் வண்டியும் ட்ரெய்லரும் மடக்குக் கத்தி மாதிரி மடிந்து நின்று, அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். அதற்குப் பிறகு சாவியை என்னிடம் தந்தார். நான் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன். அதை அவர் மன்னித்துவிட்டார் என்றுதான் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வண்டியின் முன்சீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. உப்பு எங்கே, துண்டு எங்கே, ரசீது எங்கே என்று கூப்பிடும் குரல் அதற்குள் வராது. எனக்கென்று வீட்டில் ஓர் அறை இல்லை. அந்த சீட்தான் இருந்தது.

ஆவி கிளம்பிய கதையைக் கேட்டதும் அவர் எழுந்துகூடப் பார்க்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே தம்பியிடம் சொன்னார்: “உங்க அண்ணி பிரேக்லயே கால வச்சுக்கிட்டு ஓட்டறா. வேற ஒண்ணுமில்ல.”

அதில் பாதி உண்மை இருந்தது. எங்கள் ட்ரெய்லரின் பிரேக்குக்குத் தனி மிதி கிடையாது. முன்னால் போகும் வண்டி வேகம் குறைத்தால் ட்ரெய்லர் தன் பாரத்தாலேயே முன்னால் வந்து முட்டும். அந்த முட்டலில் ஆயில் அழுந்தி அதன் சக்கரங்களில் பிரேக் பிடிக்கும். நான் சதா பிரேக்கை மிதித்தபடி ஓட்டினால் அந்தச் சக்கரங்கள் காயத்தான் செய்யும். ஆனால் நான் அப்படி ஓட்டுகிறேனா?

மறுநாள் அவர் சக்கரங்களைக் கழற்றிப் புது பிரேக் கட்டைகள் போட்டார், ஆயிலை மாற்றினார், கையால் சுழற்றிப் பார்த்தார். பட்டறைக்கு முன்னால் நேராகப் போகும் சாலையில் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போய், நேராகவே திரும்பி வந்தார். முனையில் இருக்கும் மைதானத்தில் அகலமாக வட்டமடித்துத் திரும்பினால் அவருக்கு ரிவர்ஸ் தேவைப்படாது. வந்து இறங்கி, “தொட்டுப் பாரு” என்றார். தொட்டேன். சில்லென்று இருந்தது.

“வண்டில தப்பில்ல” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை விசிலிடம் சொல்லியிருந்தார். அடுத்த முறை நான் சரிவுக்குப் போனபோது அது எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. “பொம்பளைங்க கால், பிரேக்க விட்டு எடுக்க மனசு வராதுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரும்மா” என்றார் விசில். நல்ல மனிதர்தான், என்னிடம் சொன்னால் நானும் ரசிப்பேன் என்று நினைத்தார்.

அதன் பிறகு என் காலை நான் கவனிக்கத் தொடங்கினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன், மிதி உள்ளங்காலில் படுகிறதா என்று தெரிந்துகொள்ள. சமையலறையில் நின்று காய் நறுக்கும்போது வலது கால் தரையை அழுத்துகிறதோ என்று குனிந்து பார்த்தேன். படுக்கையில் கால் விறைத்திருந்தால் பதறினேன். திருடனைப் பிடிக்கக் காத்திருப்பவளைப் போல என் காலோடு நானே குடித்தனம் நடத்தினேன். ஒரு மனிதர் சாப்பாட்டுக்கு நடுவில் போகிறபோக்கில் சொன்ன வார்த்தை, என் உடம்பை எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல நிறுத்தியிருந்தது.

அப்படிக் காவல் இருந்தும் ஒருநாள் சக்கரங்கள் மறுபடியும் காய்ந்தன. ஐஸ் கம்பெனி மூலையில் இடது பக்கம் ஒடித்துத் திரும்பிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். வண்டி இழுக்கத் திணறியது. கருகிய நாற்றம் வந்தது. பிரேக்கை அந்தத் திருப்பத்தில் ஒருமுறை தொட்டதோடு சரி. அப்படியே சுற்றி வந்து படகோடு பட்டறைக்கே திரும்பினேன்.

அவர் வாசலிலேயே நாற்றத்தை மோப்பம் பிடித்தார். சக்கரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கையை நீட்டினார்.

“சாவியக் குடு. இனிமே தம்பி ஓட்டட்டும். நீ உள்ள வேலையப் பாரு.”

“அண்ணே, எனக்கு ரிவர்ஸே வராது” என்றான் என் கொழுந்தன். “நேரா போன்னு சொன்னா தண்ணிக்குள்ளயே போயிடுவேன்.”

அவன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆறும்வரை யாரும் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டு, மறுபடியும் பிரேக் கட்டை வாங்கத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் முற்றத்தில் நின்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வந்தது வேறொன்று, பல்லைக் கடித்தால் காது வரைக்கும் வலிக்கிற கோபம். அந்தக் கோபத்தில் ஒரு தெளிவு இருந்தது. தொடக் கூடாது என்று சொன்னதாலேயே போய்த் தொட்டேன்.

எல்லாச் சக்கரங்களுக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோனேன். எல்லாவற்றிலும் ஒரே அளவு அனல். ஒன்று மட்டும் காய்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று சொல்லலாம். எல்லாமே காய்ந்தால் கோளாறு சக்கரத்தில் இல்லை, அவற்றுக்கு முன்னால். ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கினேன். சுழற்றினால் அசையவில்லை. அதன் பின்பக்கம் இருக்கும் பிரேக் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். ஆயில் சர்ரென்று பீய்ச்சி என் முழங்கையில் அடித்தது. உடனே இறுக்கிவிட்டுச் சக்கரத்தைத் தள்ளினேன். சுற்றியது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி நிற்கிறது. சாவி அவர் பையில். என் கால்கள் என் கண் முன்னால் தரையில் நீட்டிக் கிடக்கின்றன. ஆனாலும் பிரேக் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. யாருடைய காலும் இல்லாமல்.

பிறகு தேடுவது கஷ்டமாக இல்லை. ட்ரெய்லரின் முன்முனையில் ஒரு தகர மூடி. அதைத் திறந்தால் அவசர லிவர். ஓடும்போது ட்ரெய்லர் கழன்றுவிட்டால், வண்டியோடு மாட்டியிருக்கும் மெல்லிய கம்பி அந்த லிவரை இழுத்து, ட்ரெய்லரைத் தானே பிரேக் போட வைக்கும். லிவர் பல் பல்லாக ஏறும். ஏறினால் தானாக இறங்காது. அது பல் ஏறி நின்றிருந்தது. கம்பியைக் கையால் தடவிக்கொண்டே வண்டிப் பக்கம் போனேன். அந்தக் கம்பி தொய்வாகத் தொங்க வேண்டும், திருப்பத்தில் இடம் கொடுக்க. இது கொக்கியில் சுற்றிச் சுற்றி, நுனி வெளியே தெரியாமல், வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டியால் கட்டப்பட்டு, வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தது.

யார் கட்டியது என்று கேட்க வேண்டியதில்லை. ட்ரெய்லரை வண்டியில் மாட்டும் வேலையை அவர் என்னிடம் விட்டதே இல்லை. தொங்குகிற எதையும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஜன்னல் திரையைக் கட்டுவார், குழாயைச் சுருட்டுவார், சார்ஜர் வயரை முடிச்சுப் போடுவார். என் கைப்பையின் வார் நீளம் என்று அவர் சுருக்கித் தைத்ததிலிருந்து அது என் அக்குளில் இடித்துக்கொண்டிருக்கிறது. அதையெல்லாம் ஒழுங்கு என்று நானே பிறரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

நேர்ச் சாலையிலும் அகல வட்டத்திலும் கம்பி இழுபடாது. அவர் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிய நாளில் ஐஸ் கம்பெனி மூலையில் இழுபடும். அன்று ஆயிலை மாற்றியபோதே அழுத்தம் போய்ச் சக்கரங்கள் விட்டிருக்கும்; அதன் பிறகு அவர் நேராகப் போய் நேராக வந்தார்.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் லிவரைப் பழைய இடத்துக்குத் தள்ளி, மூடியைத் திறந்தே வைத்திருந்தேன். சாவியைக் கேட்டேன். எதற்கு என்றார். “தாங்க” என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, தந்தார். லிவருக்குப் பக்கத்தில் அவரை நிற்கச் சொன்னேன். வண்டியை நடை வேகத்தில் நகர்த்தி இடது பக்கம் முழுக்க ஒடித்தேன்.

டக் என்று கேட்டது. முன்சீட்டிலிருந்த எனக்கே கேட்டது. பின்னால் ட்ரெய்லர் முரண்டு பிடித்து நின்றது.

இறங்கி வந்தேன். அவர் லிவரைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், தான் கட்டிய வெள்ளைப் பட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது வெட்கமில்லை, நிம்மதி.

“அட, கம்பிதானா. நல்லவேளை, சின்ன விஷயம். யாருக்கு வேணா நடக்கும்.”

கொழுந்தன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“என் தப்பா இருந்தப்ப அது என் குணம்” என்றேன். “உங்க தப்புன்னு ஆனதும் அது வெறும் கம்பியா?”

“இப்ப என்ன, உன் கால்ல விழணுமா?”

“வேண்டாம். என் கால விட்டுடுங்க. அதப்பத்தி ஏற்கனவே நெறைய பேசிட்டீங்க.”

படகின் சொந்தக்காரர் சரிவில் காத்திருந்தார். நானே பட்டியை வெட்டினேன், நானே கம்பியைத் தொய்வு விட்டு மாட்டினேன், லிவரை மறுபடி இறக்கினேன், குறைந்த ஆயிலை ஊற்றினேன். அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். ஐஸ் கம்பெனி மூலையில் அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. சரிவில் போய் நின்றதும், இறங்கித் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். குனிந்து சக்கரம் சக்கரமாகத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சூடில்ல. ரிவர்ஸ் எடு.”

நான் எஞ்சினை அணைத்தேன்.

“விசில்கிட்ட சொல்லுங்க.”

“என்னத்த?”

“என்ன சொன்னீங்களோ, அது இல்லன்னு.”

பைத்தியமா என்று கேட்டார். வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ஒருவர் ஹாரன் அடித்தார், இன்னொருவர் சேர்ந்துகொண்டார். வேறு யாராவது ரிவர்ஸ் எடுக்கட்டும் என்று அவரால் சொல்ல முடியாது. அவராலும் எடுக்க முடியாது. அதை நான் பயன்படுத்திக்கொண்டேன். நியாயமில்லைதான், ஆனால் அன்றைக்கு என் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

விசில் ஓடிவந்து என் ஜன்னலருகே நின்றார். “என்னம்மா ஆச்சு?”

“அவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”

என் கணவர் டேஷ்போர்டுக்குச் சொல்வதுபோல அதைப் பார்த்துச் சொன்னார்: “பிரேக் காய்ஞ்சது இவ ஓட்டினதுனால இல்ல.”

“என்ன சார்? ஹாரன் சத்தத்துல காது கேக்கல.”

கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். விசிலின் கண்ணில் ஏதோ ஒன்று அசைந்தது.

“நான் கம்பிய இழுத்துக் கட்டிட்டேன்யா. என் தப்பு.” இந்த முறை பின்வண்டிக்காரருக்கும் கேட்டிருக்கும்.

நான் எஞ்சினைப் போட்டேன். ஸ்டியரிங்கை வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம். ட்ரெய்லர் கோடு போட்ட மாதிரி பின்னால் இறங்கியது. சக்கரங்கள் தண்ணீரைத் தொட்டன. ஆவி இல்லை, சத்தம் இல்லை. என் வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது, இருக்க வேண்டிய நேரத்தில். அதைக் குனிந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

கோபம் தீர்ந்ததா என்றால், இல்லை. படகு மிதந்து போனதும் வண்டியை மேலே ஏற்றி நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனேன். அவர் அங்கே நின்றிருந்தார். கம்பி தொய்ந்து, நீர் சொட்ட, காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் கை தன்னையறியாமல் அதை நோக்கி நீண்டது.

“தொடாதீங்க” என்றேன்.

கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். அங்கே சாவி இல்லை.