ஒன்பது நாளுக்கு ஒருமுறை

1

இந்தக் கதைக்கு மூலம் நான் எழுதிய ஒரு கடிதம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நடுவில் நழுவப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியும். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். கையெழுத்து நோரீன் குபியாக்குடையது, வாக்கியங்கள் என்னுடையவை. அதில் ஒரு வாக்கியம் அவளுடைய வேலையைத் தின்றுவிட்டது.

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

'இண்டியானாவில் பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில்' என்பது முதலாவது. வேண்டாம். பனியை எழுதினால் துக்கம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், எனக்கு வேலையே இருக்காது.

'நோரீன் பத்தொன்பது வருடங்களாக அந்த ரூட்டில்' என்று இன்னொன்று. இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது. அவள் உயிரோடுதான் இருக்கிறாள்.

'ஒரு மெஷினை எப்போது மாற்றுவது என்பது உண்மையில் ஒரு'

ஒரு என்ன? தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

2

கார்லண்ட் ஸ்டட்ஸுக்கு மூன்று மாவட்டங்களில் நாற்பத்தொரு தின்பண்ட மெஷின்கள். பள்ளிக்கூட விளையாட்டரங்கம், டயர் கடை, நீதிமன்ற வராந்தா, முதியோர் இல்லம், வான்கோழி வெட்டும் ஆலை. காசைப் போட்டு எண்ணை அமுக்கினால் உள்ளே சுருள்கம்பி சுற்றும், பாக்கெட் கீழே விழும். விழ வேண்டும். என் மனைவி இங்கே மருத்துவமனையில் நர்ஸ். அவள் பின்னால் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கார்லண்டின் கிடங்கில் சிப்ஸையும் தேன் பன்னையும் இடம் வாரியாகப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. அந்தப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் மெஷின்களை நிரப்புவதும், கெட்டுப்போனதைச் சரிசெய்வதும் நோரீன் வேலை. தணிகாசலம் என்ற பெயரை முதல் நாளே டேனி என்று வெட்டியவளும் அவள்தான்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. நல்ல உயரம். இடது முட்டி தேய்ந்துபோய், வேனிலிருந்து இறங்கும்போது மட்டும் முகம் சுருங்கும். ஒருமுறை துணைக்குப் போயிருந்தேன். டயர் கடை மெஷின் காசை விழுங்கிவிட்டுக் கம்மென்று நின்றது. இடுப்பால் ஒரு இடி இடித்தாள். நாலு காசு கலகலவென்று கொட்டியது.

"பாத்தியா? இந்தக் கிழக் கழுதைக்கு வாயால சொன்னா ஏறாது."

"மேனேஜர் பாத்தா என்ன சொல்வாரு?"

"அவனே எங்கிட்டதான் கத்துக்கிட்டான்."

(குறிப்பு: இவர்கள் பேசுவது ஆங்கிலம். அதில் நீயும் நீங்களும் ஒன்றுதான். தமிழில் நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நோரீனும் கார்லண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அதனால் இருவருக்கும் 'நீ' போட்டிருக்கிறேன். நான் அவளிடம் 'நீங்க' என்கிறேன். அந்த மரியாதை அவள் காதுக்குப் போனதில்லை. என் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன், எனக்குச் செலவில்லாமல்.)

3

போன வருடம் மார்ச்சில் கார்லண்ட் அவளைக் கூப்பிட்டான்.

"மெஷினெல்லாம் பழசாயிடுச்சு. எல்லாத்தையும் ஒரேயடியா மாத்த முடியாது. எதை எப்ப மாத்தணும்னு வரிசையா ஒரு பட்டியல் போட்டுக் குடு. எது முதல்ல படுக்கும்னு உனக்குத்தான தெரியும்."

பத்தொன்பது வருடத்தில் அவளிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. அன்றைக்குக் கிடங்கில் விசிலடித்துக்கொண்டு திரிந்தாள்.

கார்லண்டிடம் ஒரு கணக்கு இருந்தது. ஆறு மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் பழுதானால் மாற்றிவிடலாம். நோரீன் அதைச் சட்டை செய்யவில்லை. மூன்று வாரம் ஒவ்வொரு இடத்திலும் மெஷினைத் திறக்காமல், கொஞ்சம் தள்ளி நின்று, வருகிறவர்களைப் பார்த்தாள். நீதிமன்றத்து மெஷின்தான் இருப்பதிலேயே கிழடு. அதைப் பட்டியலின் கடைசியில் போட்டாள்.

"அது ஏன் கடைசியில?" என்றேன்.

"வக்கீலுங்க தெருவத் தாண்டினா சூப்பு இருக்கு, சாண்ட்விச் இருக்கு. வான்கோழி ஆலையில என்ன இருக்கு? பத்து நிமிஷ பிரேக். கையுறையைக் கழட்டி, கை கழுவி, நடந்து வந்து, வரிசையில நின்னு, காசு போடுறதுக்குள்ள ஏழு நிமிஷம் போயிடுது. நேத்து ஒரு பொண்ணு. பிஸ்கட் பாக்கெட் கம்பியில மாட்டித் தொங்குது. அவ தட்டல, திட்டல. கண்ணாடியில நெத்தியை வெச்சுக்கிட்டு அப்படியே நின்னா. மணி அடிச்சதும் போயிட்டா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"திறந்து எடுத்துக்கிட்டு ஓடினேன். கதவுக்கு அந்தாண்ட போயிட்டா. காவக்காரன் என்னை உள்ள விடுவானா?"

ஆகவே வான்கோழி ஆலை முதலில். அடுத்தது முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்காரர்கள் சாப்பிடும் அறை. மூன்றாவது டயர் கடை. மெஷினின் வயதைப் பார்க்காமல், அதன் முன்னால் நிற்கிறவருக்கு வேறு வழி இருக்கிறதா என்று பார்த்துப் போட்ட பட்டியல். இதைவிட நியாயமான ஒன்றை நான் அந்த ஊரில் பார்த்ததில்லை. கதைக்காக மிகைப்படுத்துகிறேனா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். இல்லை.

4

"நீதான் கதை எழுதுறவனாச்சே. இதைக் கொஞ்சம் கடுதாசியா எழுதிக் குடு. நான் எழுதினா மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும்."

எழுதினேன். அவளுடைய காரணங்கள் எல்லாம் வந்துவிட்டன. கடைசிப் பத்தி மட்டும் தொங்கியது. ஒரு அழுத்தம் வேண்டியிருந்தது. மெஷின் விற்கிற கம்பெனி கொடுத்த வழவழக் காகிதம் ஒன்று மேசையில் கிடந்தது. அதைப் பார்த்து இதை எழுதினேன்:

'புதிய மெஷின்கள் தம்மிடம் எது தீர்ந்தது என்பதைத் தாமே போனுக்குத் தெரிவித்துவிடும். இன்று மூன்று நாளுக்கு ஒருமுறை போகும் இடத்துக்கு, இனி ஒன்பது நாளுக்கு ஒருமுறை போனால் போதும்.'

நோரீன் விரல் வைத்துப் படித்தாள். விரல் அந்த இடத்தில் நின்றது.

"இது வேணுமா?"

"முடிக்கிறதுக்கு ஒண்ணு வேணுமே. நல்லா நிக்குது."

"சரி. உனக்குத் தெரியாததா."

கையெழுத்துப் போட்டாள்.

[முந்தைய வரைவில் இந்த இடத்தில் 'எனக்குள் ஏதோ உறுத்தியது' என்று எழுதியிருந்தேன். பொய். எதுவும் உறுத்தவில்லை. மூன்று, ஒன்பது என்று வந்த ஓசையில் சந்தோஷமாக இருந்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் வாசித்துக்கூடக் காட்டினேன்.]

5

கார்லண்ட் பட்டியல் வரிசைப்படியே மாற்றினான். அந்த வரைக்கும் நேர்மையானவன். மே மாதம் வான்கோழி ஆலைக்குப் புது மெஷின் போன அன்று நோரீன் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். பாக்கெட் விழாவிட்டால் கம்பி தானே இன்னொரு சுற்றுச் சுற்றும். எல்லாம் நன்றாக ஓடியது. ஓடியதால், மெல்ல மெல்ல மாற்றுவதாக இருந்தவன் செப்டம்பருக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டான்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. கிடங்கில் நாங்கள் மூவர்தான்.

"நோரீன், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வாரத்துக்கு ரெண்டு நாள் வேலைதான் இருக்கு."

"யாரு சொன்னா?"

"நீதான் எழுதியிருக்கே." கடிதத்தை எடுத்துவந்திருந்தான். அந்த வரியின் கீழே பென்சில் கோடு. "நான் நம்பல. ஆறு வாரமா பாத்தேன். சரியா ஒன்பது நாள்தான் வருது."

அவள் என்னைப் பார்த்தாள். என் கையில் சீஸ் பிஸ்கட் பெட்டி இருந்தது. அதில் போட்டிருந்த தேதியை நான் படித்துக்கொண்டிருந்தேன்.

'அது இவன் எழுதினது' என்று அவள் சொல்லவில்லை.

"அந்த ரெண்டு நாளை யாரு பாப்பா?"

"டேனி கிடங்கு வேலையோட சேத்துப் பாத்துக்குவான். முழுநேரமா ஒரு ஆளைத்தான் வெச்சுக்க முடியும். வேன்ல பெட்டி தூக்கற வேலை, உன் முட்டியோட..."

"ஜனவரில ஆபரேஷன் தேதி குடுத்திருக்காங்க. வேலை போனா இன்சூரன்ஸும் போயிடும். அதுவரைக்குமாவது வெச்சுக்குங்க."

வெச்சுக்குங்க. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. ஆனால் என் காதில் அப்படித்தான் விழுந்தது. நாற்பது வருடம் 'நீ' என்றவள் ஒரே வாக்கியத்தில் 'நீங்க' ஆனாள். கார்லண்டுக்கும் கேட்டிருக்க வேண்டும், தலை குனிந்துகொண்டான்.

"முடியாது நோரீன்."

அவள் வேன் சாவியை மேசையில் வைத்தாள். "நாசமாப் போங்கடா" என்றாள். தெளிவாக, இருவருக்கும் பொதுவாக. போய்விட்டாள்.

(கார்லண்டைக் கெட்டவனாக்க ஒரு வரைவில் சுருட்டும் தங்க மோதிரமும் கொடுத்தேன். பொருந்தவில்லை. அவன் தன் மதியச் சாப்பாட்டையும் இந்த மெஷின்களில் காசு போட்டுத்தான் எடுப்பவன். கெட்டவன் என்று ஒருவன் கிடைக்காத கதையில் பழி வேறு யார் தலையில் விடியும் என்று உங்களுக்குத் தெரியும்.)

6

மாற்று முடிவுகள்.

அ) நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "கார்லண்ட், அந்த வாக்கியம் என்னுடையது. அவங்க பத்தொன்பது வருஷம் பார்த்ததை எழுதினாங்க, நான் விளம்பரத்தைப் பார்த்து எழுதினேன்" என்கிறேன். இதை நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் என் பேச்சு நீண்டுகொண்டே போனது, குரல் கம்பீரமாகிக்கொண்டே வந்தது. வாயைத் திறக்காதவன் காகிதத்தில் எவ்வளவு பேசுகிறான்!

ஆ) புது மெஷின்கள் ஒரே வாரத்தில் மொத்தமாகப் படுத்துவிடுகின்றன. கார்லண்ட் அவள் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கிறான். வாசகருக்கு இனிக்கும். ஆனால் மெஷின்கள் நன்றாக ஓடுகின்றன. நிரப்புகிறவன் நான், எனக்குத் தெரியாதா? அவள் பட்டியல் அத்தனையும் சரி. அதுதான் இதில் ஆறாத கசப்பு.

இ) நான் வேலையை விட்டுவிடுகிறேன். விடவில்லை.

7

பிப்ரவரி கடைசியில் அவள் வீட்டுக்குப் போனேன். நான்கு மாதம் கழித்து. ஆபரேஷன் நடக்கவில்லை. சமையலறை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, பழுதான கார்களை இழுத்துப்போகும் கம்பெனிக்கு வரும் போன்களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நடந்ததைக் கதையா எழுதிக்கிட்டிருக்கேன். என் பாஷையில."

"எங்கிட்ட கேக்காமலா?"

"இப்பக் கேக்கத்தான் வந்தேன்."

"எழுதி முடிச்சுட்டு வந்து கேக்குற." போன் அடித்தது. யாரிடமோ நெடுஞ்சாலையில் எந்த மைல்கல் அருகே நிற்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வைத்தாள். "எனக்கு என்ன பேரு வெச்சிருக்க?"

"உங்க பேருதான்."

"மாத்தாத. யாருக்கு நடந்துச்சுன்னு தெரியட்டும். நான் அழுதேன்னு போட்டிருக்கியா?"

"இல்ல."

"நல்லது. நீ பேசுற மாதிரி?"

"ஒரு வரைவுல..."

"அதை அடிச்சிடு."

"அடிக்காம, பேசலன்னு சொல்லியே விட்டிருக்கேன்."

"அன்னிக்கு நான் ஏன் உன்னைக் காட்டிக்குடுக்கலன்னு எழுதியிருக்கியா?"

"எனக்குத் தெரியாது. ஏன்?"

"சொல்ல மாட்டேன். சொன்னா அதையும் எழுதுவ."

வாசல் வரை நானே நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"டேனி, கடைசியில நான் உன்னை மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதிடாத. மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியாது. அதை நீ முந்திக்கிட்டு எழுதாத. கதவைச் சாத்திட்டுப் போ, குளிர் வருது."

சாத்திவிட்டு வந்தேன்.

ஆகவே முடிவை எழுத எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் எழுதலாம், நீங்கள் அவளுக்கு எதுவும் செய்யவில்லை. முட்டியைச் சரிசெய்யுங்கள். வேறு ஊரில், வேறு வேனில் ஏற்றி அனுப்புங்கள். என்னிடமிருந்து ரூட்டைப் பிடுங்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் மறுபடி அவள் கதவைத் தட்டுவது போலவும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் திறந்து என்ன சொல்கிறாள் என்ற இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.