கெர்னல் கத்திக்கொண்டிருந்தது

மூத்தவளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து உத்தரவு வந்தபோது, இளையவள் அதே கட்டடத்தின் மாடியில், சர்வர் அறையை ஒட்டிய மேஜையில் இருந்தாள். இருவரும் ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். மூத்தவள் அந்த ஆம்புலன்ஸ் மையத்தின் கீழ்த்தளக் கூடத்தில் அழைப்புகளை எடுப்பவள். இளையவள் அந்த அழைப்புகளை வண்டிகளுக்குக் கொண்டுசேர்க்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்தவள்.

நடந்தது இதுதான். வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில், தச்சர் ஒருவரின் மனைவி அழைத்துப் புருஷனுக்கு வாய் கோணிவிட்டது, பேச்சு குழறுகிறது என்று கதறியிருக்கிறாள். வண்டி போய்ச் சேர ரொம்பத் தாமதமாகிவிட்டது. தச்சர் பிழைத்தார், வலது கை மட்டும் திரும்ப வரவில்லை. உளி பிடித்த கை. செய்தி வெளியே வந்ததும் மையத்தின் இயக்குநர், "ஊழியரின் மெத்தனம்தான் காரணம்" என்று பேட்டி கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

வீட்டில் மூத்தவள் சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"அட்ரஸை உடனே தட்டினேன்டி. திரை அப்படியே நின்னு போச்சு. மத்தியானமானாலே இப்படித்தான் இழுக்குது."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா அக்கா?"

"சொல்லாம இருப்பேனா? ரீஸ்டார்ட் வந்து பாத்துட்டு, மெஷின்ல ஒண்ணுமில்ல, உங்க விரல்தான் மெதுவா ஓடுதுன்னு சொல்லிட்டுப் போனான்."

ரீஸ்டார்ட் என்பது இளையவளின் மேலதிகாரிக்குக் கூடத்துப் பெண்கள் சூட்டிய பட்டம். எந்தக் கோளாறு வந்தாலும் அணைத்து மறுபடி போடுவது ஒன்றுதான் அவர் கைவைத்தியம்.

மறுநாள் இளையவள் சர்வருக்குள் நுழைந்து கெர்னல் பதிவுகளைத் திறந்தாள். கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. இயந்திரத்தின் உறுப்புகளோடு நேரடியாகப் பேசுவது அதுதான். எங்காவது நோவு கண்டால் முதலில் முனகுவதும் அதுதான். பதிவுக் கோப்பு துடைத்துவைத்ததுபோல் இருந்தது. ஒரு முனகல்கூட இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் எதையாவது புலம்பாமல் இருக்காது.

கோப்பை விட்டுவிட்டு, கெர்னல் தன் நினைவில் வைத்திருப்பதை நேராகக் கேட்டுப் பார்த்தாள். திரை நிரம்பி வழிந்தது. "பிராசஸரின் வெப்பம் வரம்பைத் தாண்டியது, வேகம் குறைக்கப்படுகிறது." மறுபடியும் அதே வரி. மறுபடியும். வெந்துபோகாமல் தப்பிக்க இயந்திரம் தானே ஓட்டத்தைக் குறைத்து நடந்திருக்கிறது. நடந்துகொண்டே கத்தியும் இருக்கிறது.

அப்படியானால் கோப்பில் ஏன் வரவில்லை? அமைப்புகளைத் தோண்டியவளுக்கு அந்த வரி அகப்பட்டது. வெப்பம் பற்றிய எச்சரிக்கை வந்தால் எழுதாதே, தூக்கிப் போடு. யாரோ வேலை மெனக்கெட்டு எழுதியது. யார் எழுதியது என்பதும் அங்கேயே இருந்தது.

அவளுக்குக் காது சுட்டது. நேரே ரீஸ்டார்ட்டின் மேஜைக்குப் போனாள்.

"சார், கெர்னல் எச்சரிக்கையை நிறுத்தினது நீங்களா?"

"அதுவா? ஓயாம கத்திக்கிட்டே இருந்துச்சும்மா. டைரக்டர் ரூம் திரையில எல்லாம் சிவப்பா வருது, பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்கன்னு திட்டினாரு. வெறும் வார்னிங்தானே, எரர் இல்லையே?"

"வார்னிங்னு ஏன் பேர் வெச்சிருக்காங்க சார்? அழகுக்கா?"

அவர் மின்னஞ்சல் பார்க்கத் தொடங்கினார்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. விசிறிகள் எல்லாம் சுற்றின. தூசியும் அவ்வளவாக இல்லை. ஆனால் சர்வர்களை அடுக்கிய ராக்கின் பின்பக்கம் கை வைத்தால் இஸ்திரிப் பெட்டிபோல் இருந்தது. நாற்காலியில் ஏறிக் குளிர்காற்று வரும் வாயில் உள்ளங்கையைக் காட்டினாள். நோயாளி மூச்சுபோல ஏதோ லேசாக வந்தது. கூரைப் பலகையைத் தள்ளிப் பார்த்தபோது விஷயம் புரிந்துவிட்டது. குளிர்காற்றுக் குழாயின் இடுப்பில் ஓட்டை போட்டு, வெள்ளித்தாள் சுற்றிய புதுக்குழாய் ஒன்றைச் செருகியிருந்தார்கள். அது வளைந்து நெளிந்து இயக்குநரின் அறைக்குள் இறங்கியது. காலையில் இரண்டு அறைகளையும் குளிர்காற்று எப்படியோ சமாளித்தது. பிற்பகல் வெயில் ஏறியதும் சர்வருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அத்தனையையும் செல்போனில் படமெடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. கோபம் அவ்வளவு முட்டிக்கொண்டு வந்தது. கதவைத் தட்டிவிட்டு இயக்குநரின் அறைக்குள் போனாள். மனுஷர் அந்த வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டியபடி கேட்டார். பிறகு, "சரிம்மா, நல்லா கண்டுபிடிச்சீங்க. குழாயை மாத்திடலாம். இதைப் பெரிசு பண்ண வேணாம்" என்றார்.

"அப்போ எங்க அக்கா?"

"அது தனி விஷயம். விசாரணை நடக்கும். பேட்டி கொடுத்தாச்சு, இப்போ போய் மாத்திச் சொன்னா மையத்துக்கே அசிங்கம்."

"அவங்க மேல பழி விழுந்தா அசிங்கம் இல்லையா சார்?"

"நீங்க புதுசு. வேலை இன்னும் நிரந்தரமாகல. யோசிச்சுப் பேசுங்க."

அவள் கும்பிடாமல் வெளியே வந்தாள். மாடிப்படியில் நின்று அழுதாள். அழுகை வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

அன்று சாயங்காலமே குழாய் கழற்றப்பட்டது. கூரைப் பலகைகூடப் புதிதாக மாற்றப்பட்டது. மறுநாள் பிற்பகல் கூடத்துப் பெண்கள், "என்ன இது, பொத்தானை அமுக்குறதுக்கு முன்னாடியே பறக்குது!" என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். நீண்ட மேஜையின் ஒருபக்கம் இயக்குநரும் ரீஸ்டார்ட்டும், எதிரே மூத்தவள். இளையவளைச் சாட்சியாக யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே மடிக்கணினியோடு வந்து மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குழாயா? எந்தக் குழாய்?" என்றார் இயக்குநர். "வேணும்னா மேலே ஏறிப் பாருங்க மேடம்."

"ஏற வேண்டாம். இதைப் பாருங்க" என்று இளையவள் கணினியைத் திருப்பினாள். ரீஸ்டார்ட் வாயடைத்தது கண்காணிப்புத் திரைக்குப் போகும் கோப்பை மட்டும்தான். இயங்குதளம் தனக்கென்று இன்னொரு பதிவும் வைத்துக்கொள்ளும் என்பது அவருக்கு நினைவு வரவில்லை. அதில் தச்சரின் மனைவி அழைத்த அதே நேரத்தில் எச்சரிக்கைகள் மழையாய்ப் பொழிந்திருந்தன.

"இது கோளாறுன்னு மட்டும்தானே காட்டுது?" என்றார் அதிகாரி. "குழாய்தான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க?"

"கடைசியா எச்சரிக்கை வந்தது எப்போன்னு பாருங்க மேடம். நான் டைரக்டர்கிட்ட போய்ச் சொன்ன அன்னைக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்ல. நான் எதையும் தொடல. வெயிலும் குறையல. அன்னைக்கு சாயங்காலம் எதைக் கழட்டினீங்கன்னு இவங்க ரெண்டு பேரையுமே கேளுங்க."

அதிகாரி ரீஸ்டார்ட்டைப் பார்த்தார். ரீஸ்டார்ட் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தண்ணீர் குடித்தார். கடைசியில் ரீஸ்டார்ட்தான், "சார் சொன்னாரு, நான்தான் குழாயைக் கழட்ட வெச்சேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

இரண்டு நாளில் உத்தரவு வந்தது. மூத்தவள் அதைக் கூடத்திலேயே பிரித்து வாசித்தாள். "கடுமையாக எச்சரிக்கப்பட்டு மீண்டும் பணியில் சேர்க்கப்படுகிறார்."

"எச்சரிக்கையா? எனக்கா?" அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "என்ன தப்புக்கு எனக்கு எச்சரிக்கை?"

கையெழுத்துப் போட மறுத்து இயக்குநரின் அறை வாசலில் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இளையவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பணிநேரம் முடிந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்துகொண்டார்கள். உள்ளே இருந்தவர் வெளியே போக வழியில்லாததால், உத்தரவு திருத்தி அச்சிடப்பட்டது. 'கடுமையாக எச்சரிக்கப்பட்டு' என்பதை எடுத்தார்களே ஒழிய, வருந்துகிறோம் என்று எவரும் எழுதவில்லை. தச்சர் குடும்பத்திடம் இதுபற்றிப் பேசக்கூடாது என்று வாய்மொழியாக இருவருக்கும் சொல்லி அனுப்பினார்கள். இயக்குநருக்கோ கிடைத்தது வெறும் இடமாறுதல். அதுவும் இன்னும் பெரிய அலுவலகத்துக்கு.

"பேசக்கூடாதாமே" என்றாள் மூத்தவள்.

"கிளம்புங்க அக்கா, போவோம்" என்றாள் இளையவள்.

தச்சர் வீட்டுக் கதவைத் திறந்த அவர் மனைவி, மூத்தவளின் குரலைக் கேட்டதுமே அடையாளம் கண்டுகொண்டு முகத்தைத் திருப்பினாள். மூத்தவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சர்வர் வெந்தது, வேகம் குறைந்தது, அது கத்தியதை ரீஸ்டார்ட் அமுக்கியது, ஒரு மனிதரின் குளிருக்காகக் காற்றைத் திருப்பியது, அந்த மனிதர் இப்போது பெரிய ஆபீஸுக்குப் போயிருப்பது. உள்ளே கட்டிலில் தச்சர் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு ரூமுக்கு ஏசியா?" என்றாள் அவர் மனைவி. "அதுக்கா இவரு கையி?"

 அவள் உள்ளே போய்ப் புருஷனுக்குத் தண்ணீர்ச் செம்பைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாள்.

"அந்தப் பெரிய ஆபீஸ் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே? வாங்க, முன்னாடி நடங்க."